மீன் பங்களா

எங்கள் ஊரான வடக்குப்பட்டில் கடல் கிடையாது. ஏரி உண்டு. ஏரியில் கெளுத்தி உண்டு, கெண்டை உண்டு, விரால் உண்டு. கரையோரச் சேற்றில் கையை விட்டுத் துழாவினால் நண்டும் உண்டு. ஆனால் மீன் என்பது உயிரோடு நீந்தித் திரியும் ஒரு பிராணி என்ற விஷயம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஏரித் தண்ணீர் கலங்கல். உள்ளே மீன் இருக்கிறது என்பது வலை மேலே வந்த பிறகுதான் தெரியும். அதற்குள் அது குழம்புக்குப் பாதி தயாராகியிருக்கும்.

இன்று ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் நின்று பார்த்தால் எங்கள் ஊரை அடையாளம் கண்டுபிடிப்பது சிரமம். சுற்றிலும் கார்த் தொழிற்சாலைகள்; ராத்திரியிலும் பகல் போல் விளக்கு. இந்த அமளிக்கு நடுவே 2022-ம் வருஷம் இந்தியத் தொல்லியல் துறையினர் வடக்குப்பட்டில் வந்து குழி வெட்டினார்கள். கற்காலத்துக் கருவிகள் கிடைத்தன. அதற்கு மேல் மண்ணடுக்குகளில் கண்ணாடி மணிகளும், ரோமாபுரியிலிருந்து கப்பலில் வந்த மதுச் சாடிகளின் உடைந்த ஓடுகளும் கிடைத்தன. எனக்கு உள்ளபடியே வெட்கமாக இருந்தது. ரோமாபுரியின் மதுச் சாடி சமுத்திரம் தாண்டி எங்கள் ஊர் வரை வந்திருக்கிறது. எங்கள் ஊர்க்காரன் வண்டி கட்டிக்கொண்டு ஒரு நாள் தூரத்தில் இருக்கும் கடலைப் போய்ப் பார்ப்பதுதான் அபூர்வமாக இருந்திருக்கிறது!

அந்த அபூர்வமான காரியத்தை என் தகப்பனார் 1936-ம் வருஷம் செய்தார். அப்போது அவருக்குப் பத்து வயது. பாட்டனாருக்குக் கோர்ட்டில் ஏதோ காரியம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் வண்டி கட்டித் தாம்பரம் வந்து, அங்கிருந்து மின்சார ரயிலில் பட்டணம் போனாராம். மின்சார ரயில் 1931-ல்தான் தாம்பரத்துக்கும் கடற்கரை ஸ்டேஷனுக்கும் இடையே ஓட ஆரம்பித்திருந்தது. புகை விடாத ரயில் எப்படி நகர்கிறது என்பதே ஒரு அதிசயம். ஆனால் அப்பா அந்த ரயிலைப் பற்றி ஒரு நாளும் பேசினவர் அல்ல. கோர்ட்டைப் பற்றியும் பேசினதில்லை. பேசினதெல்லாம் மெரினாவில் பார்த்த 'மீன் பங்களா'வைப் பற்றித்தான்.

"பேத்தை மீன் ஒண்ணு, இந்தப் பூசணிக்காய் மாதிரி உப்பிக்கிட்டுக் கண்ணை உருட்டிப் பார்க்கும். பாறை இடுக்கிலே அஞ்சாலைன்னு ஒண்ணு, பாம்பு மாதிரி, வாயைத் திறந்து திறந்து மூடும். கடல் குதிரைன்னு சொன்னா நம்புவியா? விரல் நீளம். வாலாலே ஒரு குச்சியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்டா!"

இதை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்குச் சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் பேத்தை மீன் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது. சிறு பூசணிக்காய் பறங்கிக்காயாகி, கடைசியில் மரக்கால் அளவுக்கு வந்து நின்றது. அப்பா மிகைப்படுத்துகிறார் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தேன். பாதிப் பழி அவருடையதல்ல என்பது பிற்பாடுதான் தெரிந்தது. தண்ணீருக்குள் இருக்கும் பொருளைத் தட்டையான கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது, ஒளி தண்ணீரை விட்டுக் காற்றுக்கு வருகையில் வளைகிறது. அதனால் பொருள் இருக்கும் தூரத்தில் முக்கால் தூரத்திலேயே இருப்பதுபோல் தோன்றும். கிட்டத்தில் தெரிகிற எதுவும் பெரிதாகத்தானே தெரியும்? மூன்று சாண் மீன் நான்கு சாணாகக் காட்சி தரும். மரக்கால் அளவுக்கு அப்பாவின் கண்கள் கொண்டுபோயின என்றால், மூன்றில் ஒரு பங்கு கண்ணாடியின் கைவரிசை. மிச்சம் பத்து வயதின் கைவரிசை.

மீனைக் கண்ணாடிக்குள் விட்டுப் பார்க்கிற பழக்கத்துக்கு வயது அதிகமில்லை. சீன தேசத்தில் வெகுகாலமாகத் தங்கமீன் வளர்த்தார்கள். ஆனால் அதைப் பீங்கான் தொட்டியில் விட்டு மேலேயிருந்துதான் பார்த்தார்கள். பக்கவாட்டில் நின்று, மீனோடு மீனாகக் கண்ணுக்குக் கண் பார்க்கிற ஆசை ஐரோப்பாவில் பிறந்தது. முதலில் அதைச் சரியாகச் செய்தவர் ஒரு பெண்மணி. ழான் வில்ப்ரூ-பவர் என்ற பிரெஞ்சுக்காரி, தையல் வேலையில் வாழ்க்கையைத் தொடங்கியவர், கலியாணமாகிச் சிசிலித் தீவுக்கு வந்தார். அங்கே கடலில் ஒரு வகைக் கணவாய் மெல்லிய வெள்ளை ஓட்டுக்குள் குடியிருப்பதைக் கண்டார். அந்த ஓடு அதன் சொந்த வீடா, வேறு ஜந்துவிடமிருந்து அபகரித்ததா என்று பண்டிதர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டையைத் தீர்க்க 1832-ல் கண்ணாடித் தொட்டி செய்து, அதற்குள் அந்தப் பிராணியை வைத்து நாள்கணக்கில் பார்த்தார். சொந்த வீடுதான் என்று ருசுவாயிற்று. அவருடைய சேகரங்களில் பெரும்பகுதி 1838-ல் கப்பலோடு கடலில் மூழ்கிப்போயிற்று. கடல் கொடுத்ததைக் கடலே வாங்கிக்கொண்டது போலும்.

லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன சாஸ்திரி 1850 வாக்கில் இன்னொரு ரகசியத்தைக் கண்டார். மீனோடு ஒரு நீர்ச்செடியும் சில நத்தைகளும் சேர்ந்திருந்தால் தொட்டித் தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. செடி பிராணவாயு கொடுக்கும்; அழுகின இலையை நத்தை தின்னும். எங்கள் ஏரி இதை யுக யுகமாகச் செய்துகொண்டிருக்கிறது. ஆனால் ஏரி கட்டுரை எழுதி வெளியிடவில்லை. 1853-ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் ஜனங்கள் பார்ப்பதற்காக மீன்வீடு ஒன்று திறந்தார்கள். அதுதான் ஆரம்பம். பிறகு ஐரோப்பா முழுவதும் வெறியே பிடித்துவிட்டது. பாரிஸ், பெர்லின், நேப்பிள்ஸ் என்று ஊருக்கு ஊர் மீன் காட்சிசாலை.

சென்னைக்கு அது வந்தது 1909-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில். கொண்டுவந்தவர் எட்கர் தர்ஸ்டன் துரை. எழும்பூர்ப் பொருட்காட்சிசாலையின் தலைவராக 1885-ல் வந்தவர். சென்னை ஜனங்களுக்கு அந்த நாளில் பொருட்காட்சிசாலை 'செத்த காலேஜ்'; பீப்பிள்ஸ் பார்க் மிருகக்காட்சிசாலை 'உயிர்க் காலேஜ்'. இதைவிடச் சிறந்த மொழிபெயர்ப்பைப் பண்டிதர்கள் எவரும் செய்திருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம். தர்ஸ்டன் செத்த காலேஜில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவர் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தவர். தென்னிந்திய ஜாதிகளைப் பற்றி அவர் எழுதின ஏழு பெரிய சம்புடங்களும் அதே 1909-ல்தான் வெளிவந்தன. அந்த மூக்குக் கணக்கு இன்று விஞ்ஞானமாக எவராலும் மதிக்கப்படுவதில்லை. அதற்காக வருத்தப்படுகிறவனும் நான் அல்ல. ஆனால் இதே மனிதர் ராமேசுவரத்துக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் போய், முத்துக்குளிப்பையும் சங்குகுளிப்பையும் பவளப் பாறைகளையும் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார். கடலின் அடியில் இருப்பதை மேலே உள்ளவர்களுக்குக் காட்டவேண்டும் என்ற எண்ணம் அங்கே பிறந்திருக்க வேண்டும். மனிதர்களை அளந்ததற்கு மீன்களுக்கு வீடு கட்டிப் பிராயச்சித்தம் செய்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆசியாக் கண்டத்திலேயே அதுதான் முதல் மீன் காட்சிசாலை என்று சென்னைப் பெருமை பேசுகிறவர்கள் சொல்வதுண்டு. அது சரியல்ல. டோக்கியோவில் உவேனோ மிருகக்காட்சிசாலை 1882-ல் திறந்தபோதே அதில் மீன்களைப் பார்க்க ஒரு பகுதி இருந்தது. இந்தியாவில் முதல் என்று சொல்லிவிட்டுப் போவோமே. அதற்கு என்ன குறைச்சல்? பத்து வருஷம் பொருட்காட்சிசாலையின் பொறுப்பில் இருந்துவிட்டு, 1919-ல் மெரினா மீன்வீடு மீன்துறையிடம் போய்ச் சேர்ந்தது.

அது நின்ற இடத்தை யோசித்துப் பாருங்கள். கடலுக்கு எதிரிலேயே கடலைக் காட்டும் வீடு! அசட்டுத்தனம் போல் தோன்றும். ஆனால் மெரினா மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்கிறவர்கள் கடலின் முதுகைத்தான் பார்க்கிறார்கள். அலை வரும், போகும். கட்டுமரம் ஏறும், இறங்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று வலைக்காரனுக்குக்கூட முழுசாகத் தெரியாது. அவனும் மேலே வந்ததைத்தான் பார்க்கிறான். சாலையைக் கடந்து நாலு படி ஏறினால் கடலின் உள்வீட்டைப் பார்க்கலாம் என்றால், அது சின்ன விஷயமா? அதற்குப் படிப்பு வேண்டாம், இங்கிலீஷ் வேண்டாம், செருப்புகூட வேண்டாம். கையில் இருந்த சில்லறை போதும். வடக்குப்பட்டுப் பையன் ஒருவன் வேர்வை படிந்த மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றதும், "தள்ளுடா, மத்தவங்களும் பார்க்கணும்" என்று பின்னாலிருந்து யாரோ அதட்டியதும் அப்படித்தான் நடந்தன.

1914-ல் எம்டன் கப்பல் வந்து செப்டம்பர் 22-ந் தேதி ராத்திரி சென்னைமேல் குண்டு போட்டது. துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. பட்டணத்தில் பாதி ஜனங்கள் ஓடினார்கள். மீன்வீடு தப்பியது. ஆனால் 1942-ல் தப்பவில்லை. அந்த வருஷம் பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா என்று வரிசையாகக் குண்டு விழுந்தது. அடுத்தது சென்னை என்று எல்லோரும் நம்பினார்கள். அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. எங்கள் வீட்டுத் திண்ணையில்கூடப் பட்டணத்து உறவினர்கள் மூன்று குடும்பம் வந்து இறங்கி, மோருக்கும் பாய்க்கும் சண்டை போட்டார்களாம். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் சிங்கமும் புலியும் தெருவில் வந்துவிடுமே என்று பயந்து, உயிர்க் காலேஜின் பொல்லாத மிருகங்களைச் சிப்பாய்களை விட்டுச் சுட்டுக் கொன்றார்கள். மெரினா மீன் காட்சிசாலையை மூடினார்கள். ஜப்பான் விமானம் உண்மையில் சென்னைக்கு வந்தது 1943 அக்டோபரில், ஒற்றை விமானம். துறைமுகத்தருகே ஏதோ போட்டுவிட்டுப் போய்விட்டது. பல பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

புலியைச் சுட்டதற்காவது ஒரு நியாயம் சொல்லலாம். கடல் குதிரை தெருவில் வந்து யாரைக் கடிக்கப் போகிறது?

அப்பா எனக்கு மீன் பங்களாவைக் காட்டவேண்டும் என்று 1960-ல் என்னையும் கூட்டிக்கொண்டு மெரினாவுக்குப் போனார். எனக்கும் அப்போது பத்து வயது. அதற்காகவே அவர் பத்து வயது ஆகட்டும் என்று காத்திருந்தாரோ என்னவோ! கடற்கரைச் சாலையில் அங்கும் இங்கும் நடந்தார். மூடின சமாசாரம் அவருக்குத் தெரியும். யுத்தம் முடிந்துதான் பதினைந்து வருஷம் ஆகிவிட்டதே, திறந்திருப்பார்கள் என்று நினைத்திருக்கிறார். திறந்திருக்கவில்லை. கடைசியில் ஓர் இடத்தில் நின்று, "இங்கேதாண்டா" என்றார். எனக்குப் பட்டாணியும் பலூனும் வாங்கிக் கொடுத்தார். பலூனை நான் பஸ்ஸிலேயே உடைத்துவிட்டேன். அதற்கு அவர் கோபித்துக்கொள்ளாததுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பிற்காலத்தில் மெரினாவில் சிறிய அளவில் ஒரு மீன் காட்சி இருந்ததும், மாமல்லபுரத்தில் பிரம்மாண்டமாக ஒன்று கட்டப்போவதாக அறிவிப்புகள் வந்ததும் பத்திரிகை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். தனியார் கட்டின பெரிய காட்சிசாலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் இப்போது இருக்கிறது. சுரங்கம் போன்ற கண்ணாடிக் குடைவுக்குள் நடந்து போகலாம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சொல்லிக்கொண்டிருப்பது, நாலு படி ஏறினால் எவனும் உள்ளே போகக்கூடிய அந்த ஊர்ப்பொது வீட்டைப் பற்றி.

இவ்வளவும் எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது சிங்கப்பூரில். என் மகளை அங்கே கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளையின் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சிங்கப்பூர்க் குடும்பம். பேரனுக்கு ஏழு வயது. நான் போய் இறங்கின மறுநாளே, "தாத்தா, சென்டோசாவுக்கு மீன் பார்க்கப் போறோம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். அவனுடைய பாட்டி, அதாவது என் சம்பந்தி அம்மாள், எழுபது வயதைத் தாண்டியும் எல்லோருக்கும் முன்னால் நடக்கிறவர், தாமும் வருவதாகச் சொன்னார்.

சென்டோசா சிங்கப்பூருக்குத் தெற்கே ஒட்டினாற்போல் இருக்கும் சிறு தீவு. மலாய் மொழியில் அந்தப் பெயருக்கு அமைதி, நிம்மதி என்று அர்த்தம். நம்முடைய 'சந்தோஷம்'தான் கப்பலேறிப் போய் அப்படி உருமாறியிருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் 1970-களின் தொடக்கத்தில் வைத்தது. அதற்கு முன் தீவின் பெயர் புலாவ் பிளாக்காங் மாத்தி. 'பின்னால் மரணம்' என்று பொருள்படும் பெயர். வெள்ளைக்காரன் அங்கே கோட்டை கட்டிப் பீரங்கி வைத்திருந்தான். 1942-ல் சிங்கப்பூர் விழுந்தபின் ஜப்பானியர் கொன்று கடலில் தள்ளின சீனர்களின் சடலங்கள் இந்தத் தீவின் கரையில்தான் வந்து ஒதுங்கின. 'பின்னால் மரணம்' என்ற பெயரைத் துடைத்துவிட்டு 'சந்தோஷம்' என்று எழுதினவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளைகள் விளையாடப் போகும் இடத்துக்கு வேறு என்ன பெயர் வைப்பது? பழைய பெயரையும் ஒரு மூலையில் எழுதி வைத்தால் போதும்.

அங்கே 2012-ல் திறந்த மீன் காட்சிசாலையை 2025 ஜூலையில் மூன்று மடங்கு பெரிதாக்கி, 'சிங்கப்பூர் ஓஷனேரியம்' என்று பெயர் மாற்றித் திறந்திருக்கிறார்கள். டிக்கெட் விலையைக் கேட்டு மனசுக்குள் ரூபாயால் பெருக்கினேன். "அப்பா, பெருக்காதீங்க" என்றாள் மகள். என் முகத்திலேயே வாய்ப்பாடு தெரிந்திருக்கிறது.

உள்ளே 36 மீட்டர் அகலமும் எட்டு மீட்டருக்கு மேல் உயரமும் உள்ள ஒரு சுவர். சுவர் என்றா சொன்னேன்? அந்தப் பக்கம் முழுக்கக் கடல். இது கண்ணாடி அல்ல, அக்ரிலிக். அவ்வளவு தண்ணீரின் கனத்தைத் தாங்கக் கண்ணாடியை நம்ப முடியாது என்றார் மாப்பிள்ளை. எதிரே தரையில் ஜனங்கள் கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். திருக்கைகள் போர்வையை உதறினாற்போல் தலைக்கு மேலே போயின. களவா ஒன்று, நம் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் சாயலில், கீழ் உதட்டைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து எங்களைப் பார்த்துவிட்டு, திருப்தியில்லாமல் திரும்பிப் போயிற்று. வேறோர் அறையில் நிலா நிறத்து இழுது மீன்கள். அவற்றுக்குத் தொட்டியில் மூலையே இருக்கக்கூடாதாம். மூலையில் ஒதுங்கினால் கிழிந்துபோகும். ஆகையால் வட்டத் தொட்டி கட்டி, தண்ணீரை ஓயாமல் மெதுவாகச் சுழல விட்டிருக்கிறார்கள்.

இந்த மாதிரி இடங்களில் மீன்களைவிட எனக்குத் தண்ணீர்தான் ஆச்சரியம். மீன் கழிக்கும் அமோனியா அதற்கே விஷம். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அந்த விஷத்தைத் தின்று, படிப்படியாகச் சாதுவான உப்பாக்கிக் கொடுக்கின்றன. வடிகட்டிகளுக்குள் அந்த நுண்ணுயிர்க் குடித்தனம் ஒரு நாள் கெட்டால், அடுத்தடுத்த நாள்களில் மேலே மீன்கள் மிதக்கத் தொடங்கும். பளபளக்கிற காட்சிக்குப் பின்னால் ராத்திரி பகலாய் வேலை செய்கிறவர்களை யாரும் பார்ப்பதில்லை. ஒரகடத்துக்காரனான எனக்கு இது புதிய விஷயம் அல்ல.

பேரன் மூக்கைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றான். நான் என் தகப்பனாரின் கதையை, பேத்தை மீன் மரக்கால் அளவுக்கு வளர்ந்த கடைசிப் பதிப்பின்படி அவனுக்குச் சொன்னேன். அவனைவிட அதிகம் கவனித்துக் கேட்டவர் சம்பந்தி அம்மாள்.

"அண்ணே, எங்களுக்கும் ஒண்ணு இருந்திச்சு" என்றார். "வான் கிளீஃப். டேங்க் ரோடு கோயிலுக்குப் பக்கத்திலே, மலையடியிலே. தைப்பூசத்தன்னிக்குக் காவடி எல்லாம் கோயிலுக்குள்ளே போன பிறகு, அப்பா எங்க அஞ்சு பேரையும் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு மீன் பார்க்கப் போவாரு. எனக்குத் தைப்பூசம்னாலே பாலும் பன்னீரும் மீனும்தான்!"

இந்த வான் கிளீஃப் விவகாரத்தை அன்று ராத்திரியே மாப்பிள்ளையின் உதவியோடு தேடிப் படித்தேன். கார்ல் வில்லெம் பெஞ்சமின் வான் கிளீஃப் ஒரு டச்சுக்காரர். சிங்கப்பூரில் இருந்து சொத்துச் சேர்த்துவிட்டு, கடைசிக் காலத்தில் ஹாலந்துக்குத் திரும்பி, 1930-ல் இறந்தார். சிங்கப்பூரில் தமக்கு இருந்த சொத்தெல்லாம் அந்த ஊர் நகரசபைக்கே சேரவேண்டும், ஊரை அழகுபடுத்த உபயோகிக்க வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். ஊரை அழகுபடுத்துவது என்றால் என்ன? நீரூற்று வைக்கலாம், சிலை வைக்கலாம், அதுவும் தம்முடைய சிலையாகவே வைக்கச் சொல்லியிருக்கலாம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நகரசபை யோசித்து, 1935-ல் மீன் காட்சிசாலை கட்டுவதாகத் தீர்மானித்தது. கட்டுவதற்குள் யுத்தம் வந்துவிட்டது. ஊரே ஜப்பானியர் கைக்குப் போயிற்று. ஊருக்கே 'ஷோனான்' என்று வேறு பெயர் வைத்தார்கள். தமிழ்த் தொழிலாளிகளை ஆயிரக்கணக்கில் மலாயாவிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். பல பேர் திரும்பவில்லை. அப்படிப்பட்ட காலத்தில் செத்துப்போன ஒரு டச்சுக்காரனின் உயிலை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள் என்றுதான் தோன்றும்.

ஞாபகம் வைத்திருந்தார்கள். யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரன் திரும்பி வந்து, அரிசிக்கு வரிசையில் நின்ற நாளெல்லாம் கழிந்து, 1955-ம் வருஷம் செப்டம்பர் 8-ந் தேதி, ஃபோர்ட் கேனிங் மலையடிவாரத்தில் ரிவர் வேலி சாலையில் 71 காட்சித் தொட்டிகளோடு வான் கிளீஃப் மீன் காட்சிசாலையைத் திறந்தார்கள். உயில் எழுதினவன் இறந்து இருபத்தைந்து வருஷம். தீர்மானம் போட்டு இருபது வருஷம்.

நான் படுக்கையில் புரண்டு புரண்டு யோசித்தது இதைத்தான். அதே யுத்தம். சிங்கப்பூர் விழுந்த செய்தியைக் கேட்டுத்தான் சென்னை மீன்வீட்டை மூடிற்று. விழுந்த ஊரில், கட்டாத மீன்வீடு பத்து வருஷத்துக்குப் பிறகு எழுந்தது. விழாத ஊரில், முப்பத்து மூன்று வருஷம் நடந்துகொண்டிருந்த மீன்வீடு அப்படியே போயிற்று. பணம் இல்லை என்று சொல்வது பாதிச் சமாதானம். நமக்கும் பஞ்சம், பிரிவினை, ஆயிரம் கவலைகள் இருந்தன, வாஸ்தவம். ஆனால் அதே வருஷங்களில் நாம் அணைகள் கட்டினோம், கல்லூரிகள் கட்டினோம். மீன்வீடு மட்டும் ஏன் விட்டுப்போயிற்று என்றால், அதைக் கேட்க ஆள் இல்லை. அங்கே ஒரு உயில் இருந்தது. உயில் என்பது காகிதம். அது அலமாரியிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். இங்கே மூக்கை ஒட்டிக்கொண்டு நின்ற பையன்களின் ஞாபகம் மட்டும்தான் இருந்தது. அந்தப் பையன்கள் வளர்ந்து வயல் உழப் போனார்கள், குமாஸ்தா வேலைக்குப் போனார்கள். என் தகப்பனார் நாற்பது வருஷம் அந்தக் கதையைச் சொன்னார். ஒரு நாள்கூட ஒரு கார்டு வாங்கி, "ஐயா, அதைத் திறவுங்கள்" என்று எழுதிப் போடவில்லை. எழுதத் தெரிந்த பிள்ளையாகிய நானும் இதுவரை எழுதவில்லை.

சிங்கப்பூரைப் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்றால் அதுவும் முடியவில்லை. 1991-ல் சென்டோசாவில் 'அண்டர்வாட்டர் வேர்ல்ட்' என்ற புதிய காட்சிசாலை வந்தது. நகரும் நடைபாதையில் நின்றபடி கண்ணாடிக் குடைவுக்குள் போகலாம். அதே வருஷம் வான் கிளீஃப் மூடப்பட்டது. பிறகு வேறு வேறு பெயர்களில் சில வருஷம் இழுத்துக்கொண்டிருந்தது. 1998-ல் இடித்துவிட்டார்கள். அதை வென்ற அண்டர்வாட்டர் வேர்ல்டும் 2016-ல் மூடிக்கொண்டது. அதனுடைய டால்பின்கள் சீன தேசத்துக்குப் போயின. அங்கே கிரேசி என்று ஒரு கடற்பசு இருந்ததாம். 1998-ல் தாய் வலையில் சிக்கிச் செத்தபோது பக்கத்தில் கிடைத்த குட்டி. 2014 வரை தொட்டியில் வாழ்ந்தது. இதைப் படித்ததும் எனக்கு நம்முடைய பாக் நீரிணை ஞாபகம் வந்தது. அங்கேயும் கடற்பசுக்கள் கடற்புல் மேய்கின்றன. ஆவுளியா என்று மீனவர்கள் சொல்வார்கள். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர்க் கடலை அவற்றுக்கென்று ஒதுக்கிக் காப்பகமாக்கியது. இந்தியாவில் கடற்பசுவுக்கு அதுதான் முதல் காப்பகம். தொட்டி கட்டுவதைவிட இது பெரிய காரியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் மனசு கேட்கிறதா? கடற்பசு என்று ஒன்று இருப்பதைக் கண்ணால் காணாத வடக்குப்பட்டுப் பையன் அதற்காக எப்படிப் பரிந்து பேசுவான்?

ஊர் திரும்புவதற்கு முதல் நாள் சம்பந்தி அம்மாள், "வாங்கண்ணே, இடத்தையாவது காட்டுறேன்" என்று கூப்பிட்டார். பேரனும் வந்தான். டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலில் முதலில் கும்பிட்டோம். 1859-ல் செட்டியார்கள் எழுப்பின கோயில். இப்போது இருப்பது பின்னால் புதுப்பித்துக் கட்டினது. வெளியே வந்து சாலையோடு நடந்தோம். வெயில் இல்லை; மழை வரும்போல் இருந்தது. மலைச் சரிவில் புல்லும் பெரிய மரங்களும். மீன் காட்சிசாலைக்குப் பக்கத்தில் 1963-ல் தேசிய நாடக அரங்கு ஒன்று கட்டியிருந்தார்களாம். அதையும் 1986-ல் இடித்தாகிவிட்டது. ஆகவே அடையாளம் பிடிக்க அதுவும் இல்லை.

"இங்கேதான் படிக்கட்டு" என்றார் சம்பந்தி அம்மாள், ஒரு மரத்தடியில் நின்று. இரண்டடி நடந்தார். "இல்லேண்ணே, இங்கே டிக்கெட் கொடுக்கிற இடம். படி அந்தப் பக்கம்."

"அந்த மீனெல்லாம் எங்கே போச்சு, பாட்டி?" என்றான் பேரன்.

"வேற இடத்துக்குக் கொண்டுபோயிருப்பாங்கய்யா."

அவன் என் பக்கம் திரும்பினான். "உங்க அப்பா பார்த்த மீன்?"

"கடலுக்குத்தாண்டா" என்றேன். எதிரிலேயே கடல் இருந்தது அல்லவா, சாலையைத் தாண்டினால் போதுமே என்று சேர்த்துக்கொண்டேன். புலிகளின் கதையை நான் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அவன் அதை ஒப்புக்கொண்டானா என்று தெரியவில்லை. பாட்டி முதலில் காட்டின இடத்தில் ஒரு குச்சியை நட்டான். இரண்டாவது இடத்துக்கு ஓடி இன்னொரு குச்சியை நட்டான். "பெரிய தொட்டி எங்கே இருந்திச்சு?" என்று அங்கிருந்தே கத்தினான். சம்பந்தி அம்மாள் நெற்றியில் கையை வைத்துச் சரிவைப் பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஈரப் புல்லில் ஏறத் தொடங்கினார்.